சின்ன ர

கரை என்று பெயர் வைத்தவள் நஸ்லியா.
வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
முன்னம் டியூட்டரி இருந்த அறை.
கரும்பலகையில் இன்னும் அழியாத ஒரு முக்கோணம்,
இரண்டு தையல் மெஷின், நாற்பது லினன் சேட்.
"மொடர்னா ஈக்கோணும்," என்றாள்,
"ஆனா நம்மடயா ஈக்கோணும்.
சீப்பா தெரியப்படாது.
பட்ஜெட் மட்டும் சீப்பு."

மூன்று கிழமை வரைந்தேன்.
கடலுக்கும் சேலைக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த மொழி
என் வேலையில் பாதியை எப்போதோ முடித்து வைத்திருந்தது.
மீதிப் பாதி ஐகாரம்.
அந்த இரட்டைச் சுழி எப்போதும் ரகரத்தை இடிக்கும்.
தள்ளி வைத்தால் இருவரும் அந்நியர்,
நெருக்கி வைத்தால் பஸ் ஃபுட்போர்ட்.
கடைசியில் சுழியை அவிழ்த்து
நூல் ஓடுவதுபோல் நீட்டினேன்.
அது ர-வின் காலடியில் போய் அலையாக விழுந்தது.
அன்றிரவு நானே எனக்கு
ஒரு கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

நிறத்துக்கு ஒரு சண்டை.
நான் காட்டியது காலிமுகத்திடலில்
மழைக்குக் கொஞ்சம் முந்திய கடல்.
அவள் சொன்னாள்: "இது சீமெந்து."
அளவுக்கு இன்னொரு சண்டை.
ஆங்கிலம் பெரிதாக, நடுவில் சிங்களம்,
தமிழ் அடியில், அரிசிமணி அளவில்.
இதில் நான் தோற்றேன்.

பிறகு ரத்மலானையிலிருந்து
லேபல் வந்தது. இரண்டாயிரம்.
அழகான நெசவு, மடிப்புச் சுத்தம்.
அடியில், அரிசிமணி அளவில்:
கறை.

தம்மிகவுக்கு ஃபோன் எடுத்தேன்.
"உங்கட படம் நெய்ய வராது மிஸ்,
வளைவு கூட. அதான் டைப் பண்ணினது.
கேட்டுத்தான் டைப் பண்ணினது. ரை. சரிதானே?"
சரிதான்.
அவருடைய எழுத்தில் ர ஒன்றுதான்.
ஆங்கிலத்திலும் ஒன்றுதான்.
அவர் காதில் விழுந்ததில் பிழையே இல்லை.
இந்த நகரத்தில் மூன்று மொழியில் இரண்டுக்கு
கரையும் கறையும் ஒரே உடுப்பு.
மூன்றாவதுக்கு மட்டும்
ஒன்றில் கால் நனைக்கலாம்,
மற்றதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வேண்டும்.

நஸ்லியா லேபலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
சிரித்தாள். பிறகு கணக்குப் பார்த்தாள்.
சிரிப்பு நின்றது.
"உடு. யாரு கழுத்துக்குள்ள பாக்கப் போறா?"
ஓஎல்லில் தமிழுக்கு ஏ எடுத்தவள்.

படம் பிடித்தோம், காலை ஐந்தே முக்காலுக்கு.
முகம் காட்டமாட்டேன் என்ற அவள் மச்சி,
தோள் மட்டும், கை மட்டும்.
பாணந்துறை ரயில் கடந்தபோது
சேட் ஒருமுறை முழுதாக ஊதி எழும்பியது.
அந்த ஒரு படம் போதும் என்று தெரிந்தது.
கீழே எழுதினேன்: கரையில் நில்.
சின்ன ர போட்டு.
எழுதும்போதே தெரியும்,
அந்தக் கழுத்துக்குள் பெரிய ற இருக்கிறது.

முன்னூற்றுப் பன்னிரண்டு ஓடர்.
துணி நல்லம், தையல் நல்லம்,
ஐந்து நட்சத்திரம், தீக்கொழுந்து, இதயம்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நிம்மதியாக இருந்தது முதல் கிழமை.
இரண்டாம் கிழமை
அந்த நிம்மதி என்னைக் கடித்தது.
பஸ் நிலையப் பலகைகளில் பிழை கண்டு
படம் எடுத்துத் திட்டித் திரிந்தவள் நான்.

பதினெட்டாம் நாள் ஒரு செய்தி.
மஸ்கெலியாவிலிருந்து, தர்சிகா என்ற பெயர்.
எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு படம்.
லேபலைத் தாளில் ஒட்டி
ற-வைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு
பக்கத்தில் ர எழுதி
கீழே மார்க்ஸும் போட்டிருந்தாள்:
பத்துக்கு ஒன்பது.

ஒருத்தி வாசித்திருக்கிறாள்.
அலுவலகத்தில் எழும்பி நின்றுவிட்டேன்.

நஸ்லியாவுக்கு அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.
மாலை மழை வந்தது, கடல் சீமெந்து நிறமானது.
ஏழு மணிக்கு ஒரு வரி:
"தம்மிகட நம்பர் தா.
அந்த ஒரு மார்க் என்னத்துக்கு வெட்டினதாம், கேளு."